முன் வலது சக்கரம்

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் கார் வேலூருக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விடும். அக்காவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்ததிலிருந்து, கைக்குழந்தையோடு பைக்கில் போகிறாளே என்று அம்மா புலம்பிக்கொண்டே இருந்தாள். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவருக்குக் கண்ணில் புரை எடுத்த பிறகு வண்டி ஓட்டும் ஆசை விட்டுப்போயிருந்தது. எனக்கோ வாரநாட்களில் திருப்பதியில் ஹாஸ்டல், அங்கிருந்து ஸ்ரீசிட்டிக்குக் கம்பெனி பஸ். சித்தூர் வீட்டு வாசலில் கார் சும்மாதானே நிற்கிறது, பெரியவள் வீட்டுக்கே கொடுத்துவிடலாம் என்று ஒரு மதியச் சாப்பாட்டில் முடிவாகிவிட்டது. குழம்பிலிருந்து ரசத்துக்குப் போவதற்குள் முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அக்கா குழந்தைகளைவிட எனக்குத்தான் கார் வேண்டும் என்றா?

ஆனால் வேண்டும். ஒரே ஒரு நாளுக்காவது வேண்டும்.

சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. எப்போதாவது அதைச் சாதாரண ஆட்களுக்குத் திறந்துவிடுவார்கள். சந்தைக்கும் சர்ச்சுக்கும் கல்யாணத்துக்கும் போகிற சொந்தக் காரையே அங்கே கொண்டுபோய், மனம்போன வேகத்தில் ஓட்டலாம். போட்டி இல்லை, பரிசு இல்லை. எதிரே ஆட்டோ வராது, மாடு வராது, யாரும் ராங் சைடில் வரமாட்டார்கள், அவ்வளவுதான். டிராக் டே என்பார்கள். அடுத்த டிராக் டே அந்தச் சனிக்கிழமை. அதாவது கார் கைவிட்டுப் போவதற்கு முந்தைய நாள். அதை விட்டால் எனக்கு டிராக்கும் இல்லை, காரும் இல்லை.

ஒருமுறை ஏற்கெனவே போயிருந்தேன், வீட்டில் சொல்லாமல். அது முழுசாகப் பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. நீள நேர்ப்பாதை முடிந்து வளைவு வருகிறது, பிரேக்கை மிதிக்கிறேன், பெடல் நனைந்த பஞ்சைப்போல அடிவரைக்கும் இறங்கிப் போகிறது. கீழே எதுவுமே இல்லை. அந்த நொடியை எப்படிச் சொல்வது? இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்தால் இல்லாமல் போகுமே, அது. ஆனால் நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில். கார் வளைவைத் தாண்டிப் புல்லில் இறங்கி, மண்ணைக் கிளறிக்கொண்டு தானாக நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொடி பிடித்தவர் ஓடிவந்தார், சக்கரத்திலிருந்து புகை வருவதைப் பார்த்தார், வெளியே போகும் வழியைக் கை காட்டினார். அன்றைய நாள் அதோடு சரி.

பிறகுதான் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். ரோட்டுக்காகச் செய்த பிரேக் பேட், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்கிற இரும்புத் தட்டைக் கவ்வி நிறுத்தும் கட்டை, டிராக்கின் சூட்டில் வழுவழுப்பாகிப் பிடியை விட்டுவிடும். பழைய பிரேக் ஆயில் வருடக்கணக்கில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். சூடு ஏறினால் அந்த ஈரம் கொதித்துக் குமிழியாகும். குமிழியை மிதித்தால் குமிழிதான் அமுங்கும், கார் நிற்காது. ஆக, இரண்டையும் மாற்ற வேண்டும். சூடு தாங்கும் பேடைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தேன். எங்கள் காருக்குப் பொருந்துகிற மாதிரி அங்கே ஒரே ஒரு செட்தான் இருந்தது. அந்த டப்பா ஹாஸ்டலில் என் தலைமாட்டிலேயே இருந்தது. ரூமில் கூட இருந்தவள், "கட்டிக்கினு தூங்கறதுக்கு உனக்கு இதுதான் கிடைச்சிச்சா?" என்றாள்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு சித்தூர் வந்தேன். இந்த முறை வீட்டில் சொல்லிவிட்டேன், போன தடவை பிரேக் போனதையும் சேர்த்து. அம்மா ஒன்றும் பேசவில்லை. அவள் ஒன்றும் பேசவில்லை என்றால் ஜெபக்குழுவில் பேசப்போகிறாள் என்று அர்த்தம்.

வாசலில் காரைத் தூக்கி நிறுத்தி நாலு சக்கரத்தையும் கழற்றினேன். பழைய பிரேக் ஆயில் ஆறிப்போன டிகாஷன் நிறத்தில் இருந்தது. அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தருகே உட்கார்ந்து, ஒரு சின்ன திருகைத் திறந்து ஆயிலை வெளியே விட்டு, மூட வேண்டும். மூடும்வரை பெடலிலிருந்து காலை எடுக்கவே கூடாது. எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். அந்த வேலைக்கு நைனாவை உட்கார வைத்தேன். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு மீடியத்தில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். பாஸ்கல் விதியை அவரிடம் விளக்க வேண்டியதில்லை.

"அமுக்கு நைனா."

"அமுக்கினேன்."

"அப்படியே இரு. நான் சொல்றவரைக்கும் கால எடுக்காத."

"எடுக்கல."

குழாயில் பழைய ஆயிலோடு குமிழிகள் வந்தன. பெரிய குமிழிகள். நிமிர்ந்து பார்த்தேன். நைனா கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"எடுத்துட்டியே!"

"கொசு கடிச்சிச்சிம்மா."

"கொசு கடிச்சா டேம் ஷட்டரத் திறந்து வுட்ருவாங்களா?"

"சரே, சரே. மள்ளீ மொதட்டினுஞ்சி," என்று தெலுங்குக்கு மாறினார். மறுபடி முதலிலிருந்து. வகுப்பில் பையன்கள் தப்பாகச் சொன்னால் சொல்வதை இப்போது தனக்கே சொல்லிக்கொண்டார். அதன் பிறகு கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே தாளத்துக்கு மிதித்தார். நாலு சக்கரமும் முடிந்தபோது பெடல் கல்லைப்போல் இருந்தது. முன் சக்கரங்களில் புது பேடைப் பொருத்தினேன். டிராக்கில் சக்கரத்தை மூடும் வீல் கப் இருக்கக்கூடாது, வேகத்தில் கழன்று பறக்கும் என்பது விதி. அதனால் நாலு பிளாஸ்டிக் கப்பையும் எடுத்து மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். கழற்றிய பழைய பேடுகளைப் பேப்பரில் சுற்றி அதன்மேல் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கார் போகும்போது அவற்றைத் திரும்பப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். டிராக் பேட் சூடானால்தான் நன்றாகப் பிடிக்கும். குழந்தைகளோடு காய்கறிக் கடைக்குப் போகிறவளுக்கு அது ஆகாது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பேடைப் பழக்கப்படுத்தக் கிளம்பினேன். புது பேடை நேராக டிராக்கில் கொண்டுபோய் மிதிக்க முடியாது. வேகமாகப் போய், முழுவதும் நிற்காமல் அழுத்தி மெதுவாக்கி, மறுபடி வேகமெடுத்து, இப்படித் திரும்பத் திரும்பச் செய்தால் பேடின் பொருள் டிஸ்க்கில் மெல்லிய படலமாக ஒட்டும். அந்தப் படலம்தான் பிடி. ஊருக்கு வெளியே மாம்பழக் கூழ் ஆலைக்குப் போகும் ரோடு ஒன்று இருக்கிறது. சீசனில் டிராக்டர்கள் வரிசைகட்டி நின்று ஈ மொய்க்கும். மற்ற மாதங்களில் காவல்காரரும் நாய்களும்தான். அங்கே மிதித்தேன், விட்டேன், மிதித்தேன், விட்டேன். ஒவ்வொரு தடவையும் கார் இன்னும் முன்னால் குனிந்து, இன்னும் சீக்கிரம், கோடு போட்டமாதிரி நேராக வேகம் குறைந்தது. கடைசித் தடவை சீட் பெல்ட் நெஞ்சை அழுத்திய இடம் வலித்தது. அந்த வலி எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது! வீடு வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

காரை வாசலில் விட்டுவிட்டு பஸ் பிடித்துத் திருப்பதி போனேன். என்னோடு வேலை செய்கிற காஞ்சிபுரத்துக்காரன் ஒருவன் ஹெல்மெட் தருவதாகச் சொல்லியிருந்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கொண்டுவந்து கொடுத்தான். "இந்தத் தடவையாவது நிப்பியா, இல்ல மறுபடி புல்லு மேயப் போறியா?" என்றான். "நாளைக்குப் பாரு," என்றேன்.

திரும்பி வரும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வீட்டுக்குள்ளேகூடப் போகவில்லை. ஒரே ஒரு சுற்று, சும்மா, பெடலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தெருமுனையிலேயே ஏதோ மாதிரி இருந்தது. ஆலை ரோட்டுக்குப் போய் வேகமெடுத்து அழுத்தினேன். ஸ்டியரிங் கையிலிருந்து திமிறி, கார் இடப்பக்கம் பாய்ந்தது. ஓரத்துப் புளியமரம் கண்ணாடி முழுக்க வந்தது. திருப்பினேன். நின்றது, குறுக்காக. நாய்கள் குரைத்தன.

இடது பக்கம் பிடிக்கிறது, வலது பக்கம் பிடிக்கவில்லை. அதுமட்டும் தெரிந்தது. நான் என்ன செய்தேன்? திருகைச் சரியாக மூடவில்லையா? பேடை அழுத்தும் காலிப்பர் சிக்கிக்கொண்டதா? மெதுவாக, கியரிலேயே இறக்கி இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, முன் வலது சக்கரத்தைக் கழற்றினேன். அவசரத்தில் ஸ்பேனர் இரண்டு முறை நழுவியது. கசிவு இல்லை. காலிப்பர் ஒழுங்காக நகர்ந்தது. ஆனால் டிஸ்க், காலையில் மங்கிய சாம்பல் நிறமாக இருந்த டிஸ்க், கண்ணாடிபோல மின்னியது. விரலால் தொட்டேன். வழுக்கியது. முகர்ந்து பார்த்தேன்.

அந்த வாசனை எனக்குத் தெரியும். ஒவ்வொரு காய்ச்சலிலும், ஒவ்வொரு பரீட்சைக்கு முன்பும் என் நெற்றியில் இருந்த வாசனை. டிவி பக்கத்தில் வேதாகமத்தோடு இருக்கும் சின்ன பாட்டிலின் ஒலிவ எண்ணெய்.

அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"காருக்கு எண்ணெ பூசினியா?"

"பூசாம அனுப்புவாங்களா? இன்னிக்கி உபவாச ஜெபமாச்சே. எல்லாரும் வந்திருந்தாங்க. வண்டியச் சுத்தி நின்னுக்கினு ஜெபம் பண்ணோம். நீ எங்கியோ ஊர் சுத்தப் போயிட்ட."

"எங்க பூசின?"

"வருசா வருசம் புதுவருசத்துக்குப் பூசுற எடத்துலதான். சக்கரத்துத் தட்டுல."

"தட்டத்தான் நான் கழட்டிட்டேனே!"

"அதத்தான் நானும் தேடனேன். காணோம். ஓட்டையில எட்டிப் பார்த்தா உள்ளார வட்டமா இன்னொரு தட்டு இருந்திச்சி. சரி, புதுசா உள்ள வச்சிருக்கறா போலன்னு பஞ்சில தொட்டு அதுல பூசினேன். பின்னாடி அந்தத் தட்டு இல்ல, டயர்லயே சிலுவ போட்டேன். உன் பக்கம் மட்டும் கொஞ்சம் சேத்தியே பூசினேன். நீ உக்கார்ற பக்கமாச்சே."

"அது பிரேக்கும்மா! அதுல எண்ணெ பட்டா வண்டி நிக்காது!"

"நீயும்தான் நேத்து பாட்டில் பாட்டிலா ஊத்தின. பிரேக் ஆயிலுன்னு நீயேதான சொன்ன?"

"அது உள்ள ஓடறது! இது..." எதை, எங்கிருந்து விளக்குவது? நாளைக் காலை விடிவதற்கு முன் நான் கிளம்ப வேண்டும். "ஏம்மா, இத்தினி எடம் இருக்கச்ச அங்கதான் பூசணுமா?"

"பிரேக்குக்குத்தான நீ பயந்துக்கினு இருந்த," என்றாள் அம்மா. "அதுக்குத்தான ஜெபமே."

கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். அந்த செட் இனிமேல் எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது. சென்னையில் இரண்டு கடை. ஒருவர் போனை எடுக்கவில்லை, இன்னொருவர் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். திங்கட்கிழமை! பெங்களூரில் ஒருவர் இருக்கிறது என்று சொல்லி, ஆசை காட்டி, வேறு மாடலின் படத்தை அனுப்பினார்.

டிஸ்க்கைத் துடைத்துவிட முடியும். ஸ்ப்ரே அடித்துத் துடைத்தேன், மறுபடி அடித்துத் துடைத்தேன், வெள்ளைத் துணியில் கறை வராதவரை. பேட்தான் பிரச்சினை. அது எண்ணெயைக் குடிக்கும். உப்புத்தாளைத் தரையில் போட்டு அதன்மேல் பேடைத் தேய்த்தேன். மேல்தோல் போய்ப் புது நிறம் வந்தது. முகர்ந்தால் அதே வாசனை. பிறகு யாரோ எங்கேயோ எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. செய்யாதீர்கள் என்றுதான் எழுதியிருந்தார். செய்தேன். இடுக்கியில் பேடைப் பிடித்து காஸ் அடுப்பில் காட்டினேன். பேடின் உடம்பிலிருந்து எண்ணெய் வியர்வைபோல் முத்து முத்தாக வெளியே வந்து புகைந்தது. வரட்டும், எல்லாம் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அடுப்புல இன்னாத்தடி வேக வைக்கற?"

"நீ பூசினத எடுக்கறேன்."

"ஜெபம் பண்ணத எடுக்க முடியுமா? நானே உபவாசம் முடிச்சிட்டேன், நீ ஏன் காலையில இருந்து பட்டினி கெடக்கற? வந்து துன்னு மொதல்ல."

பேடைத் திருப்பி, மறுபக்கத்தைத் தீயில் காட்டினேன்.

இருட்டுவதற்குள் மறுபடி மாட்டி, மறுபடி ஆலை ரோடு. நைனாவும் ஏறிக்கொண்டார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. முதல் தடவை அழுத்தினேன். நேராக நின்றது. இரண்டாவது தடவையும் நேர்தான். "பாகா உந்தி," என்றார் நைனா, நன்றாக இருக்கிறதாம். எனக்குள் ஏதோ எம்பிக் குதித்தது. அடுத்த தடவையும். அடுத்ததும். சூடு ஏற ஏற அழுத்தினேன். பிறகு அந்த வாசனை காருக்குள் வந்தது. எண்ணெய் காய்ந்து தீயும் வாசனை. ஸ்டியரிங் என் கையில் மெல்ல, பிடிவாதமாக, இடப்பக்கம் இழுத்தது. அடுத்த தடவை பலமாகவே இழுத்தது. நைனா டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஆழத்தில் எண்ணெய் இருக்கிறது. சூடானால் வரும். டிராக்கில் சூட்டைத் தவிர வேறென்ன இருக்கிறது?

ஓரமாக நிறுத்தினேன். மிச்சம் ஒரே வழி: பழைய பேடைத் திரும்பப் போட்டுக்கொண்டு போவது. டிராக் டே நடத்துகிறவருக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொன்னேன். எண்ணெய் என்று மட்டும் சொன்னேன். யார் பூசியது என்று சொல்லவில்லை.

"அட, ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம்," என்றார். "பழைய ஸ்டாக் பேட்லயே வாங்க. புது ஆயில் ஊத்தியிருக்கீங்க இல்ல, போதும். கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க, அவ்ளோதான்."

நைனா சிரித்துவிட்டார். கிண்டலுக்கென்று சிரித்ததல்ல. அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. "யாரு, இவளா? மெதுவாவா?"

போனில் அவரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நாளை என்ன நடக்கும் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. முதல் சுற்று மெதுவாக ஓட்டுவேன். இரண்டாவது சுற்றில் யாராவது என்னைத் தாண்டிப் போவார்கள். மூன்றாவது சுற்றில் நான் அந்த நீள நேர்ப்பாதையின் முடிவில், அதே பேடை, அதே வளைவுக்கு முன்னால் மிதித்துக்கொண்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியாதா? ஒருவேளை பிடிக்கும். ஒருவேளை பிடிக்காது. அந்த ஒருவேளையிலிருந்து தப்பி வந்த காரை ஞாயிற்றுக்கிழமை அக்கா குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

"நான் வரலைங்க," என்றேன் போனில். அவர் ஏதோ சொன்னார், அடுத்த முறை என்றோ என்னவோ. கேட்கவில்லை. நைனா சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தார். ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல், மூக்கு ஒழுக அழுதேன். "போனா போவுது" என்று அவர் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். அவர் சொல்லவில்லை. ஜன்னலை இறக்கிவிட்டு, தீய்ந்த வாசனை போகட்டும் என்று கையால் விசிறிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு அன்று அத்தனை சமாதானம். நான் போகவில்லை என்றதும், "பார்த்தியா? போவ வேணாம்னு கர்த்தர் எப்பிடி தடுத்தாரு," என்று தட்டில் சோற்றைப் போட்டாள். "போன தடவ சொல்லாம போன, பிரேக் போச்சி. இந்தத் தடவ ஜெபம் பண்ணோம், போவவே இல்ல." அவள் கணக்கில் எண்ணெய் சரியாக வேலை செய்திருந்தது. என் மகளைப் பத்திரமாக வை என்று கேட்டாள், கிடைத்தது. தெரிந்தேதான் செய்தாளோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். டிஸ்க் எது, தட்டு எது என்று தெரியாதவள் அவள். தெரிந்தே செய்திருந்தால் எனக்குக் கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருப்பாள்.

சனிக்கிழமை, டிராக்கில் முதல் கார்கள் இறங்கியிருக்கும் நேரத்தில், நான் வாசலில் தரையில் உட்கார்ந்து பழைய பேடைப் போட்டுக்கொண்டிருந்தேன். அதன் வழுவழுப்பை உப்புத்தாளில் தேய்த்து எடுத்தேன். ஆலை ரோட்டில் மெதுவாக, நிஜமாகவே மெதுவாக, ஓட்டிப் பழக்கினேன். நேராக நின்றது. கடைசியாக மாடிப்படிக்குக் கீழிருந்து நாலு வீல் கப்பையும் எடுத்துக் கழுவித் துடைத்து, உள்ளங்கையால் ஓங்கி அடித்து மாட்டினேன். அசைத்துப் பார்த்தேன். இடைவெளியில் டிஸ்க் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். தெரியவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து அக்காவும் மாமாவும் பிள்ளைகளோடு வந்தார்கள். பிரியாணி ஆனதும் மாமா சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, "இன்னா, ரேஸ்காரி, வண்டியில ஏதாவது மிச்சம் வச்சிருக்கியா?" என்றார். அம்மா பாட்டிலும் பஞ்சுமாக வாசலுக்கு வந்தாள். முன் வலது சக்கரத்தருகே குனிந்து, "ஆங், தட்டு வந்துட்டுது," என்று திருப்தியாகச் சொல்லி, பிளாஸ்டிக்மேல் சிலுவை போட்டாள். பின்பக்கம் போனதும் பாட்டிலையே கவிழ்த்தாள். பிள்ளைகள் உட்காரும் பக்கம்.

கார் கிளம்பியது. தெருமுனையில் வேகத்தடை. இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. கார் ஆடாமல் நேராக நின்று, ஏறி இறங்கி, திரும்பி மறைந்தது.

"எப்பிடி நின்னுது பாரு," என்றாள் அம்மா.

நான் உள்ளே போய்விட்டேன். ஹெல்மெட் டைனிங் டேபிள்மேல் இருந்தது. ஒரு தடவைகூடத் தலையில் மாட்டவில்லை. திங்கட்கிழமை காஞ்சிபுரத்துக்காரனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவன் நின்றாயா என்று கேட்பான்.